மூன்று சுவிட்ச்சுகள், ஒரு விலான்: ஜிவிஆர்பி தானாகப் பதிவு செய்யும் விதத்தைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

பிணையத்தில் புதிய விலான் (அதே சுவிட்ச்சுகளுக்குள் பிரித்து வைக்கும் தனிப் பிணையம்) ஒன்றைச் சேர்ப்பது சொல்லும்போது ஒரு வரி வேலை. செய்யும்போதோ, அந்த விலானின் ஃப்ரேம்கள், அதாவது தரவுப் பொதிகள், கடந்து செல்லும் ஒவ்வொரு சுவிட்ச்சிலும் நுழைந்து, விலானை உருவாக்கி, அண்டைச் சுவிட்ச்சுகளோடு இணைக்கும் இருபுறத்து ட்ரங்க் போர்ட்டுகளிலும் அதை டேக்குடன் (விலான் எண்ணைச் சொல்லும் குறியுடன்) அனுமதித்து, அமைப்பைச் சேமித்து வெளியேற வேண்டும். இரு முனைகளிலும் உள்ள சுவிட்ச்சுகளை யாரும் மறப்பதில்லை. கணினி செருகப்பட்டிருப்பது அங்கேதான். மறந்துபோவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் சுவிட்ச்சைத்தான். அப்படி ஒரு மாலை முழுவதையும், இரு முனைகளிலும் சரியாக இருந்த ஓர் இணைப்பில் பிழை தேடிக் கழித்த பிறகு, விலான் தகவலைச் சுவிட்ச்சுகளே தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஜிவிஆர்பி என்ற ஏற்பாட்டை மேசைமீது முறையாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கையில் இருந்தவை ஜிவிஆர்பி ஆதரவுள்ள பழைய சுவிட்ச்சுகள் மூன்று. அவற்றுள் இரண்டு ஒரே தயாரிப்பாளருடையவை, மூன்றாவது வேறொருவருடையது. இந்த வேறுபாடு பின்னால் எனக்கு ஒரு பாடம் கற்பிக்கப் போகிறது என்பது அப்போது தெரியாது. மூன்றையும் சங்கிலிபோல இணைத்து, வரிசைப்படி தலை, நடு, கடை என்று பெயர் வைத்துக்கொண்டேன். தலையில் ஒரு கணினி, கடையில் ஒரு கணினி, ஃப்ரேம்களைப் பிடித்துப் பார்க்கத் தனியாக ஒரு லினக்ஸ் இயந்திரம், அமைப்பு வசதி ஏதும் இல்லாத ஐந்து போர்ட் சாதாரண சுவிட்ச் ஒன்று. இந்தக் கடைசிப் பொருள் எதற்கு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஜிவிஆர்பி என்பது தனி ஏற்பாடு அன்று. கார்ப் எனப்படும் பொதுவான பதிவு முறை 1998ஆம் ஆண்டின் 802.1டி தரநிலையில் வரையறுக்கப்பட்டது. ஏதேனும் ஒரு பண்பை ஒரு சுவிட்ச் அறிவிக்கவும், அண்டைச் சுவிட்ச் அதைப் பதிந்துகொள்ளவும், தேவை தீர்ந்ததும் விலக்கிக்கொள்ளவும் அது வழி செய்கிறது. அந்தப் பண்பாக விலான் எண்ணை வைத்தால் கிடைப்பது ஜிவிஆர்பி; அதே ஆண்டின் 802.1கியூ தரநிலை அதை விவரித்தது. பரிமாறப்படுவது எண் மட்டுமே, விலானின் பெயர் பயணிப்பதில்லை. ஆகவே, ஒரு சுவிட்ச்சில் நாம் கணக்குப் பிரிவு என்று பெயரிட்ட விலான் அண்டைச் சுவிட்ச்சில் வெறும் எண்ணாகவோ, அந்தச் சுவிட்ச் தானே சூட்டிய பெயருடனோ தோன்றும்.

இங்கே விலான்களைப் பரப்பும் சிஸ்கோவின் நெறிமுறையான விடிபியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். விடிபி ஒரு விலான் பட்டியலை, பெயர் உட்பட, திருத்த எண்ணுடன் சேர்த்து நிர்வாகக் களம் முழுவதும் ஒரே மாதிரி ஆக்குகிறது. திருத்த எண் கூடுதலாக உள்ள பட்டியலே வெல்லும் என்பதால், எங்கோ பயன்படுத்திய பழைய சுவிட்ச் ஒன்றைச் சுத்தம் செய்யாமல் செருகினால் மொத்தப் பட்டியலும் மாறிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஜிவிஆர்பியில் பட்டியலும் இல்லை, திருத்த எண்ணும் இல்லை. ஒவ்வொரு போர்ட்டும் தன் எதிர்ப்புறத்தில் யாருக்கு எந்த விலான் வேண்டும் என்பதைக் கேட்டு, அந்தப் போர்ட்டை மட்டும் அந்த விலானில் சேர்த்துக்கொள்கிறது. முன்னது அறிக்கை ஒட்டுவது. பின்னது வாசலில் நின்று கேட்பது.

முதல் சோதனை: ஒரு பக்கம் மட்டும் சொன்னால்

மூன்று சுவிட்ச்சுகளிலும் ஜிவிஆர்பியை இயக்கி, ட்ரங்க் போர்ட்டுகளிலும் அதை இயக்கினேன். பிறகு தலையில் மட்டும் விலான் 30ஐ உருவாக்கி, கணினி செருகிய போர்ட்டை அதில் நிலையாகச் சேர்த்தேன். ஓரிரு நொடிகளில் நடுவிலும் கடையிலும் விலான் 30 தானாகவே பட்டியலில் வந்து நின்றது. வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது. போர்ட் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது.

நடுச் சுவிட்ச்சில் தலையை நோக்கிய போர்ட் விலான் 30இல் இருந்தது. கடையை நோக்கிய போர்ட் இல்லை. கடைச் சுவிட்ச்சிலும் நடுவை நோக்கிய போர்ட் இருந்தது. தலைச் சுவிட்ச்சிலோ, விலானை உருவாக்கியதே அங்குதான் என்றாலும், நடுவை நோக்கிய ட்ரங்க் போர்ட் விலான் 30இல் சேரவில்லை. முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் தர்க்கம் தெளிவானது: ஒரு போர்ட்டில் அறிவிப்பு வந்தால், "இந்தப் பக்கம் விலான் 30 வேண்டியவர் இருக்கிறார், ஆகவே இந்தப் போர்ட் வழியாக அந்த விலானின் ஃப்ரேம்களை வெளியே அனுப்பலாம்" என்று பொருள். அறிவிப்பைக் கேட்ட போர்ட்தான் திறக்கும். சொன்ன போர்ட் திறக்காது. பதிவு ஒரு திசையில் நகர, ஃப்ரேம்கள் அதன் எதிர்த்திசையில் நகரும். கடையில் விலான் 30 வேண்டும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. எனவே தலையிலிருந்து கடைக்குச் செல்லும் வழி மூடியே இருந்தது.

கடைச் சுவிட்ச்சில் இரண்டாவது கணினியின் போர்ட்டை விலான் 30இல் சேர்க்க முயன்றபோது இன்னொரு தடை. தானாகக் கற்றுக்கொண்ட விலானில் கணினி போர்ட்டைச் சேர்க்க அந்தச் சுவிட்ச் மறுத்தது. முதலில் அதை நிலையான விலானாக மாற்ற வேண்டும். அதற்கென ஒரு கட்டளை இருந்தது. மாற்றிப் போர்ட்டைச் சேர்த்த உடனே கடை நடுவுக்கு அறிவித்தது, நடு தலைக்கு அறிவித்தது, இரு ட்ரங்க்குகளும் இரு திசையிலும் திறந்தன, மறுமுனை மறுமொழி தருகிறதா என்று பார்க்கும் பிங் ஓடியது. நடுச் சுவிட்ச்சில் விலான் 30 பற்றி நான் ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்யவில்லை. அந்த மறதி மாலையின் விலை இங்கே திரும்பக் கிடைத்தது.

ஃப்ரேமுக்குள் பார்த்தவை

ஜிவிஆர்பி ஃப்ரேம்கள் 01-80-சி2-00-00-21 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒருசேர அனுப்பும்) முகவரிக்குச் செல்கின்றன. ஜிவிஆர்பி இயங்கும் சுவிட்ச் இவற்றைத் தானே எடுத்துக்கொள்ளும், அப்படியே கடத்திவிடாது. ஆகவே கண்ட போர்ட்டில் லினக்ஸ் இயந்திரத்தைச் செருகினால் அடுத்த இணைப்பின் உரையாடல் காதில் விழாது. ஆனால் ஜிவிஆர்பி என்றால் என்னவென்றே தெரியாத சுவிட்ச், இந்த முகவரியைச் சாதாரண மல்டிகாஸ்ட்டாகக் கருதி எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரப்பும். அந்த ஐந்து போர்ட் பெட்டி இதற்காகத்தான். அதை நடுவுக்கும் கடைக்கும் இடையில் வைத்து, மூன்றாவது போர்ட்டில் லினக்ஸைச் செருகி, ஃப்ரேம்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கொண்டு கேட்டேன். ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் போர்ட் மிரரிங் வசதியைத் தேடித் திரிவதைவிட இது எளிது.

ஒவ்வொரு விலானுக்கும் ஃப்ரேமில் 4 பைட்டுகள்: முதல் பைட் நீளம், இரண்டாவது நிகழ்வின் எண், மீதி இரண்டும் விலான் எண். நிகழ்வு எண்களை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் பிழை தேடும் வேலை பாதியாகக் குறையும். 1 என்பது ஜாயின் எம்டி: "எனக்கு இந்த விலான் வேண்டும், உன்னிடமிருந்து இதற்கான அறிவிப்பு என்னிடம் பதிவாகவில்லை." 2 என்பது ஜாயின் இன்: "எனக்கும் வேண்டும், உன் அறிவிப்பும் என்னிடம் பதிவாகி இருக்கிறது." ஒரு பக்கம் மட்டும் சொன்ன முதல் கட்டத்தில் நடுவிலிருந்து கடைக்குச் சென்ற ஃப்ரேம்களில் விலான் 30க்கு எதிரே 1 மட்டுமே இருந்தது, கடையில் போர்ட்டைச் சேர்த்ததும் அது 2 ஆனது. இணைப்பு ஒரு திசையில் மட்டும் திறந்திருக்கிறதா என்பதை, எந்தச் சுவிட்ச்சிலும் நுழையாமல், இந்த ஒரு பைட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

0 என்ற நிகழ்வுக்கு விலான் எண்ணே கிடையாது. நீளம் 2 பைட்டுகள் மட்டுமே. அதுதான் லீவ் ஆல். கார்ப் முறையில் ஒருமுறை பதிந்தது என்றென்றும் நிலைப்பதில்லை. அவ்வப்போது ஒரு சுவிட்ச் "எல்லாப் பதிவையும் கலைக்கப் போகிறேன், இன்னும் வேண்டுவோர் மறுபடி சொல்லுங்கள்" என்று கூவும். வேண்டுவோர் குறித்த நேரத்துக்குள் மீண்டும் ஜாயின் அனுப்பினால் பதிவு தொடரும், இல்லையேல் கலையும். சொல்லாமல் மறைந்துபோன அண்டைச் சுவிட்ச்சின் பழைய பதிவுகள் குப்பையாகத் தேங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இதை நன்றாகப் புரிந்துகொண்டதாக நினைத்துத்தான் அடுத்த தவற்றைச் செய்தேன்.

டைமரை நான் கெடுத்த கதை

கார்ப்பில் நாம் மாற்றத்தக்க டைமர்கள் மூன்று. ஜாயின் டைமர், அறிவிப்பை அனுப்புமுன் காத்திருக்கக்கூடிய அதிகபட்ச நேரம். ஒவ்வொரு முறையும் சுழியத்துக்கும் அந்த அளவுக்கும் இடையில் ஏதோ ஒரு கணத்தில் அனுப்புவார்கள், பல அறிவிப்புகளை ஒரே ஃப்ரேமில் சேர்க்கவும், எல்லோரும் ஒரே கணத்தில் பேசாமல் இருக்கவும். லீவ் டைமர், விலக்கச் சொல் வந்தபின் பதிவைக் கலைக்காமல் பொறுத்திருக்கும் நேரம். லீவ் ஆல் டைமர், அந்தக் கூவலுக்கு இடைப்பட்ட நேரம். அதன் உண்மையான இடைவெளி குறித்த அளவுக்கும் அதன் ஒன்றரை மடங்குக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். தரநிலையின் இயல்பு மதிப்புகள் முறையே 200 மில்லிநொடி, 600 மில்லிநொடி, 10 நொடி.

விலான் பரவும் வேகத்தை இன்னும் கூட்டலாமே என்ற ஆசையில், ஜாயின் 100, லீவ் 300, லீவ் ஆல் 10000 என்று மூன்று சுவிட்ச்சுகளிலும் ஒரே எண்களைக் கொடுத்தேன். எல்லாச் சுவிட்ச்சிலும் டைமர்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி; அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று முதல் விலான் 30இல் பிங் அவ்வப்போது தவறியது. நொடிக்கு ஒன்று வீதம் 300 பிங்கில் 7 காணாமல் போயின. ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. இணைப்பு அறுந்தது என்று சொல்லவும் முடியாது, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. வழக்கம்போல் முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். நடுவுக்கும் கடைக்கும் இடையிலான கேபிளை மாற்றினேன், ஐந்து போர்ட் பெட்டியை அகற்றி நேரடியாக இணைத்தேன், போர்ட்டுகளின் பிழை எண்ணிக்கையைப் பார்த்தேன். எண்ணிக்கை எங்கும் சுழியமே. சுற்றுப்பாதை உருவாகாமல் சில போர்ட்டுகளை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீயின் பதிவேட்டிலும் மாற்றம் ஏதும் இல்லை. இதற்கெல்லாம் அரை நாள் போயிற்று.

பயன் தந்தது வேறொரு சோதனை. அதே கேபிள் வழியாக விலான் 1இல் பிங் செய்தபோது ஒன்றுகூடத் தவறவில்லை. விலான் 1 இயல்பாகவே நிலையாகப் பதிந்த விலான், அதை யாரும் கலைப்பதில்லை. ஒரே கம்பியில் ஒரு விலான் தவறி இன்னொன்று தவறாமல் இருந்தால் குற்றவாளி கம்பியாக இருக்க முடியாது, தவறுவது பதிவுதான். இதை முதலிலேயே செய்திருந்தால் கேபிள் மாற்றும் படலம் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து பிங்கின் இடைவெளியை 0.1 நொடியாகக் குறைத்தேன். தவறல்கள் தனித்தனியாக அன்றி, இரண்டு முதல் ஏழு வரை கொத்துக்கொத்தாக வந்தன. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 10 முதல் 15 நொடிகள், சில வேளை அதன் இரு மடங்கு. லீவ் ஆல் டைமரின் எல்லையும் அதுவே. ஐந்து போர்ட் பெட்டியை மறுபடி இடையில் வைத்துப் பார்த்தபோது படம் முழுமையானது. நடு லீவ் ஆல் கூவுகிறது. கடையின் மறுமொழி ஒருமுறை 0.21 நொடியில் வருகிறது, அப்போது தவறல் இல்லை. அடுத்த முறை 0.64 நொடியில் வருகிறது, தவறல் உண்டு. பின்னொரு முறை 0.88 நொடி, கொத்து இன்னும் பெரியது. நடு பொறுத்திருப்பதோ 0.3 நொடி மட்டுமே. ஆனால் ஜாயின் 100 மில்லிநொடி என்றால் மறுமொழி 0.1 நொடிக்குள் வந்திருக்க வேண்டும் அல்லவா?

கடைச் சுவிட்ச்சின் டைமர் பக்கத்தை நிதானமாகப் படித்தபோது விடை கிடைத்தது. மற்ற இரண்டிலும் அலகு மில்லிநொடி. வேறொரு தயாரிப்பாளருடைய இந்தச் சுவிட்ச்சிலோ அலகு சென்டிநொடி, அதாவது நொடியின் நூறில் ஒரு பங்கு. நான் கொடுத்த 100, 300, 10000 அங்கே 1 நொடி, 3 நொடி, 100 நொடி என்று ஆகியிருந்தன. ஜாயினைவிட லீவ் போதிய அளவு பெரிதாகவும், லீவைவிட லீவ் ஆல் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்ற உள்விதியை இந்த எண்கள் அங்கும் நிறைவு செய்ததால், சுவிட்ச் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கணக்கு எளிது. கடை 0 முதல் 1 நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் மறுமொழி தருகிறது, நடு 0.3 நொடியில் பொறுமை இழக்கிறது. ஆகப் பத்தில் ஏழு முறை, மறுமொழி வருமுன்பே பதிவு கலைகிறது. கலைந்ததும் கடையை நோக்கிய போர்ட்டை நடு விலான் 30இலிருந்து நீக்குகிறது. அதோடு நில்லாமல் தலைக்கும் லீவ் அனுப்புகிறது. கடையின் ஜாயின் தாமதமாக வந்து சேர்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இடையில் அதிகபட்சம் 0.7 நொடி அல்லது சற்றே கூடுதலான இருட்டு.

இரண்டு கிளைச் செய்திகளும் இதில் விளங்கின. தவறல் ஒரே திசையில்தான் நிகழ்ந்தது: கடையின் கணினியில் கேட்டபோது, தவறிய பிங்குகள் அங்கே வந்து சேரவே இல்லை, கடையிலிருந்து தலைக்குச் சென்ற ஃப்ரேம்கள் மட்டும் தடையின்றிச் சென்றன. கடை தன் பக்கத்துப் பதிவைக் கலைக்காமல் 3 நொடி பொறுத்திருந்ததும், போர்ட் சேர்ந்திராத விலானிலிருந்து உள்வரும் ஃப்ரேம்களை வடிகட்டும் வசதி நடுச் சுவிட்ச்சில் அணைந்திருந்ததும் அதற்குக் காரணங்கள். இன்னொன்று, கடையின் 100 நொடி லீவ் ஆல் ஒருமுறைகூட வெளிவரவில்லை. அண்டையின் லீவ் ஆல் வந்தவுடன் தன் டைமரை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுசெல்வது கார்ப்பின் வழக்கம். ஆகவே ஓர் இணைப்பில் மிகக் குறைந்த மதிப்புள்ளவரே கூவுவார். தவறான மதிப்பு இப்படி அடங்கிக் கிடந்ததால் ஃப்ரேம்களைப் பார்த்தும் நான் அதை உடனே கண்டுகொள்ளவில்லை.

மூன்றையும் இயல்பு மதிப்புகளுக்கே திருப்பினேன்: இரண்டில் 200, 600, 10000, மூன்றாவதில் 20, 60, 1000. பிறகு 0.1 நொடி இடைவெளியில் ஒரு மணி நேரம் பிங் ஓடவிட்டதில் 36000இல் ஒன்றும் தவறவில்லை. கடைச் சுவிட்ச்சின் முகப்பில் இப்போது ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது: டைமர் அலகு சென்டிநொடி. விலான் பரவுவதில் 0.1 நொடி மிச்சம் பிடிப்பதற்காக நான் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட மனமில்லை.

மூன்றாவது கேபிள்

தலையையும் கடையையும் நேராக இணைத்து ஒரு முக்கோணம் ஆக்கினேன். தலை ஸ்பேனிங் ட்ரீயின் வேராக இருந்ததால், நடுவுக்கும் கடைக்கும் இடையிலான இணைப்பு ஒரு முனையில் அடைபட்டது. ஜிவிஆர்பி இந்த மரத்தை ஒட்டியே நடக்கிறது: அடைபட்ட போர்ட்டில் கேட்ட பதிவு மற்றப் போர்ட்டுகளுக்குப் பரவுவதில்லை. விளைவு அழகானது. நடுவின் பின்னால் விலான் 30 வேண்டுவோர் இப்போது யாரும் இல்லை. ஆகவே தலை, நடுவை நோக்கிய போர்ட்டை அந்த விலானிலிருந்து தானே நீக்கிக்கொண்டது. விலான் 30இன் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் செல்லும்) ஃப்ரேம் ஒன்றுகூட நடுவுக்குச் செல்லவில்லை. கைமுறையில் எல்லா ட்ரங்க்கிலும் எல்லா விலானையும் திறந்துவைக்கும் பழக்கத்தில் இந்தச் சிக்கனம் கிடைக்காது.

நேரடிக் கேபிளைப் பிடுங்கியதும் பாதை நடுவின் வழியாகத் திரும்பியது, ஆனால் ஸ்பேனிங் ட்ரீ மாறிய கணத்திலேயே அன்று. கடையின் அறிவிப்பு இரண்டு தாவல்களைக் கடந்து தலைக்குச் சேர்ந்த பிறகே. கைமுறை ட்ரங்க்கில் இந்தக் கூடுதல் தாமதம் இருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

யார் கேட்டாலும் திறக்கும் வாசல்

லினக்ஸில் விலான் இடைமுகத்தை உருவாக்கும்போது ஜிவிஆர்பி என்ற கொடியை இயக்கினால், அந்த இடைமுகம் எழும்போது லினக்ஸின் மையமான கர்னல் தானே ஜாயின் அனுப்பும். பிறர் அறிவிப்பைப் பதிவு செய்யும் பக்கம் அதில் கிடையாது, தனக்கு வேண்டும் என்று அறிவிக்கும் பக்கம் மட்டுமே உண்டு. பல மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் கணினிக்கு இது மிகப் பொருத்தமான வசதி: எந்த விலான் தேவையோ அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அதே வசதி வேறு யாருக்கும் கிடைக்கும் என்பதையும் சோதித்தேன். சுவிட்ச்சுகளை நிர்வகிக்க விலான் 99ஐத் தலையில் வைத்திருந்தேன். கடைச் சுவிட்ச்சின் ஒரு சாதாரணக் கணினி போர்ட்டில் லினக்ஸைச் செருகி, விலான் 99க்கு ஜிவிஆர்பியுடன் ஓர் இடைமுகத்தை எழுப்பினேன். ஜிவிஆர்பியைப் பொதுவாக இயக்கியபோதே அந்தச் சுவிட்ச் எல்லாப் போர்ட்டுகளிலும் அதை இயக்கிவிட்டிருந்தது. ஒரு நொடிக்குள் அந்தப் போர்ட் விலான் 99இல் டேக்குடன் சேர்ந்தது, அறிவிப்பு தலை வரை சென்றது, தலையின் நிர்வாக முகவரி என் பிங்குக்கு மறுமொழி தந்தது. கடவுச்சொல் இல்லை, கேள்வி இல்லை. இந்த நெறிமுறையில் கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் வழியே கிடையாது.

ஆகவே சுவிட்ச்சுக்கும் சுவிட்ச்சுக்கும் இடையிலான போர்ட்டுகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஜிவிஆர்பியை அணைத்தேன். அணைக்க இயலாத இடத்துக்குப் பதிவு முறை என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பு முறையில் அறிவிப்பின்படி பதிவு வரும், போகும். நிலைத்த முறையில் இருக்கும் பதிவு லீவ் வந்தாலும் கலையாது. தடை முறையில் எத்தனை ஜாயின் வந்தாலும் பதிவு ஆகாது. நிர்வாக விலானுக்கு மட்டும் ட்ரங்க்குகளில் நிலையான உறுப்புரிமையைக் கைமுறையாகவே வைத்தேன். பிழை திருத்த நுழையும் வழியே தானியங்கி ஏற்பாட்டை நம்பியிருந்தால், அது பழுதாகும் நாளில் நுழைய வழி இருக்காது.

இதே சாக்கில் தலையில் 40 விலான்களை உருவாக்கிப் பார்த்தேன். நடுவில் சில வந்து சேரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அதன் விலான் உச்சவரம்பு 32 என்று அமைக்கப்பட்டிருந்தது. போர்ட் புள்ளிவிவரத்தில் தோல்வியுற்ற பதிவுகள் என்ற எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு லீவ் ஆலுக்குப் பின்னும் ஏறிக்கொண்டே இருந்தது. அதன் அருகிலேயே கடைசி ஜிவிஆர்பி ஃப்ரேமை அனுப்பியவரின் மேக் முகவரியும் (கருவியின் வன்பொருள் முகவரி) இருக்கும். எதிர்பாராத அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடும்போது அதுதான் நுனி.

எம்விஆர்பிக்கு மாறியபோது

விலான்கள் கூடக்கூட ஜிவிஆர்பி திணறும். விலானுக்கு 4 பைட் வீதம், பயன்படுத்தத்தக்க 4094 எண்களையும் அறிவிக்க 16376 பைட்டுகள் ஆகும்; ஓர் ஈதர்நெட் ஃப்ரேமில் 1500தான் கொள்ளும், ஆகவே ஒவ்வொரு லீவ் ஆலுக்குப் பின்னும் பதினொரு ஃப்ரேம்கள். 2007இல் வந்த 802.1ஏகே திருத்தம் கார்ப்புக்குப் பதிலாக எம்ஆர்பியையும், ஜிவிஆர்பிக்குப் பதிலாக எம்விஆர்பியையும் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

எம்விஆர்பி தெரிந்த இரண்டு சுவிட்ச்சுகளை வாங்கி வந்து அதே ஐந்து போர்ட் பெட்டியை இடையில் வைத்தேன். விலான் 30, 31, 32 மூன்றுக்கும் சேர்த்து ஃப்ரேமில் தொடக்க எண் 30, எண்ணிக்கை 3, பிறகு ஒரே ஒரு பைட். அதன் மதிப்பு 43. எம்ஆர்பியில் நிகழ்வுகள் ஆறு, 0 முதல் 5 வரை எண்ணிடப்பட்டவை. மூன்று நிகழ்வுகளை ஆறடிமான எண்ணாக ஒரு பைட்டில் அடைக்கிறார்கள். ஜாயின் இன் நிகழ்வின் எண் 1. ஒன்றை 36ஆல், ஒன்றை 6ஆல், ஒன்றை 1ஆல் பெருக்கிக் கூட்டினால் 43. மிகப் பெரிய கூட்டல் 215தான் வரும் என்பதால் ஒரு பைட்டின் 255க்குள் எப்போதும் அடங்கும். இப்படி 4094 விலான்களும் 1365 பைட்டுகளில் முடிந்து, ஒற்றை ஃப்ரேமில் ஏறிவிடுகின்றன. தாளில் படித்தபோது சாதாரணமாகத் தெரிந்த இந்த ஏற்பாடு, அந்த 43ஐத் திரையில் பார்த்தபோது வியப்பூட்டியது.

புதிய நிகழ்வு ஒன்றும் அதில் உண்டு: நியூ, எண் 0. மரத்தில் மாற்றம் நேர்ந்தபின் அறிவிக்கும்போது இது செல்லும். பெறும் சுவிட்ச் அந்த விலானுக்குரிய கற்ற மேக் முகவரிகளை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கும். மற்ற விலான்களின் அட்டவணை கலைவதில்லை.

பழைய கடைச் சுவிட்ச்சைப் புதியதோடு இணைத்துப் பார்த்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டும் அதே 01-80-சி2-00-00-21 முகவரியைத்தான் பயன்படுத்துகின்றன; ஆனால் எம்விஆர்பி, ஃப்ரேமுக்குள் இருப்பது எந்த நெறிமுறை என்று சொல்லும் ஈதர் வகை எண் ஒன்றைத் தனக்கெனக் கொண்டது, ஜிவிஆர்பியோ பழைய எல்எல்சி தலைப்புடன் வருகிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. சில சுவிட்ச்சுகளில் இதற்கென ஒத்திசைவு முறை உண்டு. என்னிடம் இருப்பவற்றில் இல்லை. ஆகவே புதிய இரண்டுக்கும் இடையே எம்விஆர்பி, பழைய மூன்றுக்கும் இடையே ஜிவிஆர்பி, இரு கூட்டத்தையும் இணைக்கும் ஒரே ட்ரங்க்கில் மட்டும் விலான்களைக் கைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிய விலான் ஒன்று வரும்போது நான் நினைவில் வைக்க வேண்டிய நடு இடம் இப்போது அந்த ஒரு ட்ரங்க்தான். பழைய சுவிட்ச்சுகள் ஓய்வு பெறும் வரை அது அப்படியே இருக்கும்.